கம்பளிக்கு வெளியே

கழுத்துக்குக் குறிவைத்த வெட்டு விரல்களில் விழுந்தது.

கருப்புசாமி குடோன் முற்றத்துக்குள் நுழைந்தபோது ரத்தினசாமி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் முன்னால் ஒரு பெரிய கம்பளம் வெயிலில் விரிந்து கிடந்தது. ஒரு கல்யாண மண்டபத்தையே மூடுகிற அகலம். கல்தளத்தில் நின்றபடி மூங்கில் கழியால் அதை ஓங்கி ஓங்கி அடித்துத் தூசி எடுத்துக்கொண்டிருந்தான். மற்ற கூலிகள் எதிர் ஓரத்தில் அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் காலடி கேட்கவில்லை. ஆனால் நிழல் முன்னால் விழுந்துவிட்டது. ரத்தினசாமி திரும்பி இடக்கையைத் தூக்கினான். கொடுவாள் இறங்கியது. இரண்டு விரல்கள் கல்லில் விழுந்தன.

அவன் கத்தக்கூட இல்லை. வலக்கையில் இருந்த கழியைச் சுழற்றினான். அது கருப்புசாமியின் மேல் படாமல், பின்னால் வந்த சித்தையனின் வாயில் பட்டது. சித்தையன் கருப்புசாமிக்குச் சித்தப்பா மகன். இரண்டு ஊர் தள்ளிக் கேட்கும் குரல் அவனுக்கு. இப்போது வாயைப் பொத்திக்கொண்டு குந்தினான், கைக்குள் பற்கள்.

கருப்புசாமி மறுபடி ஓங்கினான். ரத்தினசாமி பின்னால் பாய்ந்தான். பாய்ந்து, உருண்டு, கம்பளத்தின் நடுவுக்குப் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"கம்பளி மேல உக்காந்துட்டேன் மச்சான்!" என்று கத்தினான். "கம்பளி மேல உக்காந்துட்டேன்!"

ஓரத்தை மிதிக்கப் போன கருப்புசாமியின் கால் அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லப் பின்னால் வந்து கல்லில் ஊன்றியது.

எதிர் ஓரத்தில் இருந்த கூலிகளுக்கு ஒன்றும் புரியவில்லை. மைசூர் ஆட்களுக்குப் புரியாது. கருப்புசாமியின் சனம் கொள்ளேகாலத்துக்கு அப்பால், ஹனூர்ப் பக்கம். அங்கே எந்த வழக்கானாலும் முதலில் ஒரு கறுப்புக் கம்பளியை விரிப்பார்கள். அதன்மேல் உட்கார்ந்தவனை எவனும் தொடக்கூடாது. செருப்போடும் இரும்போடும் ஏறக்கூடாது. அவனுக்கு அடியிலிருந்து கம்பளியை உருவவும் கூடாது. உருவினால் அது கொலைக்குச் சமம். மீறியவன் வீட்டுக்கு நெருப்பில்லை, தண்ணீரில்லை, பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை. பிணம் விழுந்தால் தூக்க ஆளில்லை. உட்கார்ந்தவன் தானாக இறங்கினால், அப்போது அவன் வெறும் ஆள். என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

போன வருஷம் வாய்க்கால் முறைத் தகராறில் கருப்புசாமியின் தம்பி சென்னிமலையை ரத்தினசாமி மண்வெட்டியால் பிடரியில் போட்டான். குனிந்து மடை திறந்துகொண்டிருந்தவன் அப்படியே தண்ணீரில் கவிழ்ந்தான். தலை ஒரு பக்கத்துத் தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தூக்கியது கருப்புசாமிதான். ரத்தினசாமி வேறு யாருமில்லை, தங்கை தேவம்மாவின் புருஷன். அன்றே அவளை இழுத்துக்கொண்டு காவேரியைத் தாண்டி மகாராஜா சீமைக்குள் வந்துவிட்டான். கொள்ளேகாலம் வெள்ளைக்காரன் சர்க்காரின் கோயமுத்தூர் ஜில்லா. அந்தப் போலீஸ் ஆற்றங்கரையோடு திரும்பிவிட்டது. கருப்புசாமிக்குத்தான் ஆறு பெரிதில்லை. எங்கே தேடுவது என்று தெரியாமல் இருந்தான். போன வாரம் சந்தைக்கு வந்த ஒரு வண்டிக்காரன், 'உங்க மாப்பிள்ளை மைசூர்ல சந்தேப்பேட்டை ஜமக்காளக் குடோன்ல இருக்காராமா' என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அண்ணா, இது கம்பளி இல்லீடா!" சித்தையன் ரத்தத்தைத் துப்பினான். பல் போன வாயில் காற்றுத்தான் அதிகம் வந்தது. "பூவும் கிளியும் போட்டிருக்குது பாரு. இது ஜமக்காளம். உள்ள போய்ப் போடு அவன!"

"அட, கம்பளிதாண்டா," என்றான் ரத்தினசாமி. தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான். துணி சிவந்துகொண்டே வந்தது. "உன்ற கண்ணு போச்சா, பல்லுதானே போச்சு?"

சத்தம் கேட்டு நஞ்சுண்டசாமி வெளியே வந்தார். குடோன் அவருடையது. சாமராஜநகர்க்காரர். கல்யாணங்களுக்கும் கச்சேரிகளுக்கும் பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர். கொடுவாளைப் பார்த்தார், கல்லில் கிடந்த விரல்களைப் பார்த்தார், கடைசியில் கம்பளத்தில் சொட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு மூச்சு நின்றது.

"அய்யோ, என் கார்பெட்டு! சாயங்காலம் சத்திரத்துல கல்யாண ரிசப்ஷன் இருக்கு கணோ! சாமி, சாமி, உப்பும் தண்ணியும் கொண்டு வாங்க, பச்சைத் தண்ணி!"

கணக்குப் பிள்ளை சம்பத்குமார் ஐயங்கார் சொம்போடு வந்தார். மேல்கோட்டைக்காரர். கொடுவாளைக் கண்டதும் சொம்பில் பாதி அவர் வேஷ்டியிலேயே கொட்டிவிட்டது.

"போலீசுக்கு ஆள் அனுப்பட்டுமா?" என்றார்.

"பேடா, பேடா, வேண்டாம்! போலீஸ் வந்தா மொதல்ல கார்பெட்டைத்தான் எடுத்துட்டுப் போவான், சாட்சின்னு. கல்யாண வீட்டுக்காரனுக்கு யார் பதில் சொல்றது?" நஞ்சுண்டசாமி கருப்புசாமியைப் பார்த்தார். "ஏனப்பா, உன் சண்டையைத் தெருவுல வெச்சுக்கோ. அவனைக் கூட்டிட்டுப் போ."

"இறங்கட்டும், கூட்டிட்டுப் போறனுங்க," என்றான் கருப்புசாமி. பிறகு ஐயங்காரிடம் திரும்பினான். படித்த ஆள், பொய் சொல்லும் தைரியமில்லாத முகம். "சாமி, இதென்ன விரிப்புங்க? கம்பளியா, ஜமக்காளமா?"

ஐயங்காரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. பயத்தையும் மீறி அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மொதலாளி கார்பெட்டுங்கறார். அது சீமை வார்த்தை. அவா அகராதியிலே பார்த்திருக்கேன், பிய்ச்சு எடுக்கறதுன்னு அதுக்கு மூலம் போட்டிருக்கு. கூலிக்காரா ஜமக்கானாங்கறா. உங்க ஊர் ஜமக்காளமும் அதேதான், துருக்காளோட வந்த பேச்சு. இதெல்லாம் வர்றதுக்கு முன்னாலேயே கம்பளம்னு ஒண்ணு இருந்தது. வேதத்திலேயே இருக்கு. கம்பளம்னா ஆட்டு ரோமம், அவ்வளவுதான். குளிருக்குப் போர்த்தினா கம்பளி, கீழே விரிச்சா..."

"சாமி, பேரு கெடக்குதுங்க," என்று சித்தையன் வெட்டினான். "சரக்கு என்ன? பஞ்சா, மயிரா?"

கருப்புசாமி குந்தி உட்கார்ந்தான். கம்பளத்தின் ஓரத்தில் ஒரு கொத்து இழையைப் பிய்த்தான். நஞ்சுண்டசாமி தன் சதையைப் பிய்த்ததுபோல் முனகினார். கருப்புசாமி தீக்குச்சி கிழித்து இழையில் வைத்தான். பஞ்சாக இருந்தால் சுடர்விட்டுத் துணிபோல எரிந்து சாம்பலாகும். இது சுருண்டது, பொரிந்தது, கறுப்பு மணியாகத் திரண்டது. முடி கருகுகிற நாற்றம் மூக்கில் ஏறியது. சென்னிமலையின் தலைமாட்டில் தீப் பிடித்தபோது வந்த அதே நாற்றம்.

"கம்பளிதான்," என்றான்.

நடுவில் இருந்த ரத்தினசாமி சிரித்தான். "எங்க மச்சான் ஞாயக்காரரு!"

"மாப்ள," என்றான் கருப்புசாமி, கொடுவாளை மடியில் வைத்துக் கல்தளத்தில் உட்கார்ந்தபடி. "உன்ன மூத்தரத்துக்கு எந்திரிக்க வெக்கிறேன். அதுவரைக்கும் சிரி."

வெயில் ஏறியது. நஞ்சுண்டசாமி கெஞ்சினார், மிரட்டினார், உள்ளே போனார், வெளியே வந்தார். கூலிகளைப் பிடித்து இழுக்கச் சொன்னார். அவர்கள் கொடுவாளைப் பார்த்துவிட்டு நகரவில்லை. சித்தையன் சுற்றிச் சுற்றி நடந்தான். பல் வலி அவனைச் சும்மா இருக்க விடவில்லை. திடீரென்று ஒரு செங்கல்லை எடுத்து எறிந்தான். அது ரத்தினசாமியின் இடத் தோளில் பட்டு எலும்பு முறிந்த சத்தம் வெளியே கேட்டது.

கருப்புசாமி எழுந்து கொடுவாளின் பிடியால் சித்தையனின் தாடையில் அடித்தான். சித்தையன் விழுந்தான்.

"கல்லால தொட்டாலும் தொட்டதுதாண்டா. நம்மூட்டுக்கு நெருப்பு வேண்டாமா? உன்ற பிள்ளைக்குப் பொண்ணு வேண்டாமா?"

"அவனுக்காக என்னைய அடிக்கிறியா?" சித்தையன் தரையில் கிடந்தபடி கேட்டான்.

"கம்பளிக்காக."

நடுப்பகலில் தேவம்மா வந்தாள். யாரோ கூலி போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தலையில் களிச்சட்டி. ஒரு வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தாள். மேல் உதட்டில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு, கருப்புசாமிக்குத் தெரியாத தழும்பு. அண்ணனை ஒருமுறை பார்த்தாள். அழவில்லை. சென்னிமலையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அவனுக்கு அழவும் அவளை ஊரில் இருக்க விடவில்லை ரத்தினசாமி.

"புள்ள, இங்க கொண்டா," என்றான் ரத்தினசாமி. முறிந்த தோள் தொங்கியது. உதடு வெடித்திருந்தது. "தண்ணி மொதல்ல."

அவள் சட்டியையும் சொம்பையும் கம்பளத்துக்கு வெளியே கல்தளத்தில் வைத்தாள். கை எட்டாத தூரம்.

"உள்ள வையி."

"கம்பளி மேல சோத்துச்சட்டி வெக்கப்படாது," என்றாள். "வந்து எடுத்துக்க."

ரத்தினசாமி ஓரம்வரை உட்கார்ந்தே நகர்ந்து வந்தான். கையை நீட்டினான். எட்டவில்லை. கருப்புசாமியின் மடியில் இருந்த கொடுவாள் மெல்ல அசைந்தது. ரத்தினசாமி கையை இழுத்துக்கொண்டான்.

"தேவடியா," என்றான் மனைவியைப் பார்த்து. "அண்ணங்காரனும் தங்கச்சியும் சேந்துக்கிட்டீங்களா?"

அவள் தூணோரமாகப் போய் உட்கார்ந்தாள். கருப்புசாமிக்கு அவள் முகம் பிடிபடவில்லை. இவனைக் கொன்றால் இவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி எடுக்க வேண்டியது அவன்தான். புருஷன் செத்தவளுக்கு அண்ணன் கொண்டுபோய்ப் போடுகிற சேலை. தாலியை அறுக்கிற கையும் சேலை போடுகிற கையும் ஒன்றாக இருக்கும். வழக்கத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

வெயில் சாயத் தொடங்கியதும் மாட்டுவண்டி வந்தது. நஞ்சுண்டசாமி அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சுருட்டுங்கடா! அவன் இருந்தா இருக்கட்டும், சுருட்டுங்க!"

சித்தையனுக்கு முகம் மலர்ந்தது. வீங்கிய வாயால் சொன்னான்: "நாம உருவக்கூடாது. வேத்தாளு உருவலாம். நீ சும்மா இரு அண்ணா. பாத்துட்டு இரு."

கூலிகள் ஒரு முனையில் வரிசையாகக் குனிந்தார்கள். ரத்தினசாமி அதைப் பார்த்தான். அவர்கள் சுருட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் அவனுக்கு மிஞ்சுவது ஒரு சாண் கம்பளி, பிறகு கல். அவன் யோசித்தது கண் மூடித் திறக்கும் நேரம்தான். தவழ்ந்து அவர்கள் நின்ற முனைக்கே வந்தான். ஓரத்தோடு ஓரமாக மல்லாந்து படுத்து, கம்பளத்தின் விளிம்பை இழுத்து மேலே போட்டுக்கொண்டான்.

"என்னையும் சேத்துச் சுருட்டுங்கடா," என்றான். "கம்பளிக்குள்ளதான் இருப்பேன். சத்திரத்துல நூறு சனம் இருக்கும். அங்க வெட்டட்டும் பாக்கலாம்."

ஒரு கூலி சிரித்தான். இன்னொருவன் நஞ்சுண்டசாமியைப் பார்த்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை ஆட்டினார். அவர்கள் தள்ளினார்கள்.

செத்தவனைப் பாயில் சுருட்டுவதுபோல் இருந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ரத்தினசாமியின் தலை முதலில் தெரிந்தது, பிறகு தலைமுடி மட்டும், பிறகு பூவும் கிளியும்தான். கம்பளம் பருத்துக்கொண்டே போனது. உள்ளே ஏதோ சொன்னான். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு சொல் கேட்கவில்லை, சத்தம் மட்டும் வந்தது. கயிறு போட்டு இறுக்கினார்கள். இறுக்கும்போது முறிந்த எலும்பு நசுங்கியிருக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு ஊளை வந்தது, கிணற்றுக்குள் விழுந்த நாயின் ஊளை.

"செத்துப்போவான்," என்றார் ஐயங்கார். "மூச்சு முட்டிச் செத்துப்போவான். யாராவது சொல்லுங்கோ."

கூலிகள் சுருளைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

வண்டி சந்தேப்பேட்டையிலிருந்து மார்க்கெட் வழியாகப் போனது. பூக்காரிகள், டாங்கா வண்டிகள், சைக்கிள்கள். கருப்புசாமி கொடுவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தான். பக்கத்தில் தேவம்மா, சற்றுத் தள்ளிச் சித்தையன்; நஞ்சுண்டசாமியும் ஐயங்காரும் வண்டிக்கு முன்னால் போனார்கள். சுருள் அவ்வப்போது உள்ளிருந்து உதைத்தது. பூக்கடை தாண்டும்போது உதை பலமாக இருந்தது. மணிக்கூண்டு தாண்டும்போது ஒரு நடுக்கம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. தேவம்மா கையை நீட்டிச் சுருளின்மேல் வைத்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல வைத்திருந்தாள்.

"இருக்கறானா?" என்று கேட்டான் கருப்புசாமி.

"இருக்கறான்," என்றாள்.

அதைக் கேட்டதும் தனக்குச் சந்தோஷமாக இருந்தது கருப்புசாமிக்குத் தெரிந்தது. அவன் மூச்சு முட்டிச் சாகவா தான் இவ்வளவு தூரம் வந்தது?

சத்திரத்துக் கூடத்தில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டிலிருந்து நெய் வாசனை. கல்யாண வீட்டார் இன்னும் வரவில்லை. கூலிகள் சுருளை இறக்கிக் கயிற்றை அறுத்தார்கள். சுருட்டும்போது சிரித்தவர்கள் இப்போது அவசரப்பட்டார்கள். காலால் உதைத்து உருட்டினார்கள். கம்பளம் கூடம் முழுக்க விரிந்துகொண்டே ஓடியது. கடைசிச் சுற்றில் வேகம் நிற்கவில்லை. சுருளின் நடுவில் இருந்தவன் உருண்டு, விளிம்பைத் தாண்டிப் போய்ச் சிமெண்டுத் தரையில் விழுந்தான்.

ரத்தினசாமி உயிரோடுதான் இருந்தான். முகம் கத்தரிக்காய் நிறம். வாய் நிறையக் கம்பளி மயிர். இருமினான், வாந்தி எடுத்தான், மூச்சை இழுத்தான். அந்த இழுப்பின் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. கண் சரியாகத் தெரியவில்லை போல. ஆனால் தரையின் சில்லிப்பு முதுகுக்குத் தெரிந்துவிட்டது. வலக்கையை நீட்டித் துழாவினான். கம்பளத்தின் குஞ்சம் விரலில் சிக்கியது. பிடித்துக்கொண்டான்.

கருப்புசாமி துண்டைப் பிரித்துக் கொடுவாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"கை மேல இருக்குது," என்றான் ரத்தினசாமி. குரல் காற்றாகத்தான் வந்தது. "மச்சான், கை மேல இருக்குது."

"விரலு இருந்தாக் கணக்கா?" சித்தையன் கத்தினான். "ஒடம்பு தரையிலடா! போடு!"

 விரல் கணக்கா என்று ஊரில் எந்த வழக்கிலும் கருப்புசாமி கேட்டதில்லை. ஓங்கிய கை நின்றது. ரத்தினசாமி முழங்கையை ஊன்றி உடம்பை விளிம்பின் பக்கம் இழுக்கத் தொடங்கினான். இன்னும் ஒரு இழுப்பு. தோள் ஏறிவிடும்.

தேவம்மா வந்து அவன் பக்கத்தில் குந்தினாள். ரத்தினசாமி அவளைப் பார்த்தான். "புள்ள, தூக்கு," என்றான். அவள் அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்தாள். குஞ்சத்தில் மாட்டியிருந்த ஆள்காட்டி விரலைப் பிரித்தாள். அடுத்த விரலைப் பிரித்தாள். அது இறுக்கிப் பிடித்தது. பின்பக்கமாக வளைத்தாள். சுள்ளி முறிவதுபோல் முறிந்தது. மற்றவை தாமாகவே விட்டுவிட்டன. அந்தக் கையைத் தன் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"வண்டிக்காரங்கிட்டச் சொல்லிவுட்டது நாந்தான் அண்ணா," என்றாள். "இப்பத் தரையிலதான் கெடக்கறான்."

கருப்புசாமி வெட்டினான். முதல் வெட்டு தாடையில் போனது. இரண்டாவது கழுத்தில். மூன்றாவதில் இரும்பு சிமெண்டில் பட்டுப் பொறி பறந்தது. அதன் பிறகும் இரண்டு வெட்டினான், சும்மா. தேவம்மாவின் முகத்திலும் மார்பிலும் தெறித்தது. அவள் கையை விடவில்லை. வாழைமரம் கட்டினவர்கள் மரத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தெருவில் விசில் கேட்டது.

"ஓடுடா அண்ணா!" என்றுவிட்டுச் சித்தையன் சமையல்கட்டு வழியாக ஓடிப்போனான்.

கருப்புசாமி ஓடவில்லை. கொடுவாளைத் தரையில் வைத்தான். காலைத் துண்டால் துடைத்தான். நடந்துபோய்க் கம்பளத்தின் நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.  வழக்கு நடக்கட்டும். சொல்ல வேண்டியதை இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

போலீஸ்காரர் உள்ளே வந்தார். பின்னால் இன்னொருவர். முழங்கால் வரை சுற்றிய துணிப்பட்டி, ஆணி அடித்த செருப்பு. பிணத்தைப் பார்த்தார்கள், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார்கள். பிறகு நேராகக் கம்பளத்தின்மேல் ஏறி நடந்து வந்தார்கள்.

"கம்பளி மேல உக்காந்திருக்கறனுங்க," என்றான் கருப்புசாமி.

"ஏனு?" போலீஸ்காரர் நின்றார். கதவோரம் நின்றிருந்த ஐயங்காரைப் பார்த்து, "என்ன சொல்றான் சாமி இவன்?" என்று கேட்டார்.

ஐயங்கார் வாயைத் திறந்தார். நஞ்சுண்டசாமி அவரைப் பார்த்தார். ஐயங்காரின் கண் போலீஸ்காரரின் தடியில் போய் நின்றது.

"ஒண்ணுமில்லை," என்றார். "ஜமக்கானா நன்னாயிருக்குங்கறான்."

தடி கருப்புசாமியின் காறை எலும்பில் இறங்கியது. அடுத்தது காதில். ஒருவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தார், மற்றவர் காலைப் பிடித்தார். கருப்புசாமி விளிம்பை எட்டிப் பிடித்தான். அதைப் பிடித்த கையின்மேல் ஆணிச் செருப்பு ஏறி நின்றது. விரல்கள் விட்டன. அவனைத் தரைக்கு இழுத்து, தங்கையைத் தாண்டி, வாசல் வரை இழுத்துப் போனார்கள்.

"கோடி..." என்றான் அவளைப் பார்த்து. வாயில் ரத்தம் நிறைந்து வார்த்தை அதற்கு மேல் வரவில்லை.

"நானே எடுத்துக்கறேன், போ," என்றாள் தேவம்மா.